பட்டியலில் இல்லாத அறை

அறைக் கதவின் அகலம் ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர். சக்கர நாற்காலியின் அகலம் அறுபத்திரண்டு. நாற்காலியை லோர்னா வீட்டிலேயே அளந்து வைத்திருந்தாள். கதவின் அளவு, கப்பல் ஏறி எட்டாம் தளத்தில் 8117ஆம் எண் அறைக்கு முன்னால் வந்து நின்ற பிறகுதான் தெரிந்தது.

அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். லோர்னா முதலில் உள்ளே போவாள். கண்ணாடி மேசைக்கு அடியில் இருந்த ஸ்டூலை எடுத்து, அதன் கால்களுக்கு அடியில் ஒரு குளியல் துண்டை விரித்து, வாசலை ஒட்டிப் போடுவாள். நடைவழியில் நாற்காலியில் இருக்கும் அக்கா கெய்னர் கதவுச் சட்டத்தை இரண்டு பக்கமும் பிடித்து எழுந்து, திரும்பி, ஸ்டூலில் உட்கார வேண்டும். அதற்கு அவளுக்குப் பத்து வினாடி இருந்தது. லோர்னா தன் அக்காவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் எண்ணுவாள். எட்டு வரும்போது கெய்னரின் முழங்கால்கள் நடுங்கத் தொடங்கும். பிறகு துண்டைப் பிடித்து ஸ்டூலோடு கட்டில்வரை இழுக்க வேண்டும். கடைசியாக வெளியே போய் நாற்காலியை மடக்கி உள்ளே கொண்டுவந்து அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் சொருக வேண்டும்.

"டபுள் டெக்கர் பஸ்ஸை ரிவர்ஸ்ல டிப்போக்குள்ள விட்டிருக்கேன். அது இதவிட சுலபம்" என்றாள் கெய்னர், முதல் தடவை கட்டிலில் விழுந்ததும்.

"டபுள் டெக்கர் இவ்வளவு பேசாது."

"ஏ சின்னவளே, மூச்சு வாங்குது உனக்கு. வயசாயிடுச்சு."

லோர்னாவுக்கு ஐம்பத்து நான்கு. கெய்னருக்கு அறுபது. இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவள் கெய்னர். நரம்பு நோய் வந்து முதலில் வேலை போனது, பிறகு கைத்தடி வந்தது. இந்தக் குளிர்காலத்தோடு கால்கள் அநேகமாக நின்றுவிட்டன. நவம்பரிலிருந்து அவள் தன் தரைத்தள வீட்டை விட்டு ஆஸ்பத்திரிக்கு மட்டுமே போயிருந்தாள். பிப்ரவரியில் ஒரு நாள், டீயை ஆற விட்டுக்கொண்டே, "எல்லாரும் போற மாதிரி எங்கயாவது ஒரு தடவை போகணும்டி" என்றாள். அதற்கு முன்பும் பின்பும் அவள் எதையும் கேட்டதில்லை.

நோர்வேக்குப் போகும் கப்பல்களில் அகலக் கதவு வைத்த அறைகள் பதினான்கோ பதினாறோதான். எல்லாமே அடுத்த வருடம் அக்டோபர்வரை போய்விட்டன. அடுத்த வருடம் உட்காருவதே கஷ்டமாகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை லோர்னாவிடம் மட்டும்தான் சொன்னார்.

பதிவுப் படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. 'சக்கர நாற்காலியை எப்போதும் பயன்படுத்துபவர்.' 'தூரத்துக்கு மட்டும் பயன்படுத்துபவர்.' முதல் கட்டத்தில் குறியிட்டால், அகலக் கதவு அறை இல்லாமல் பதிவு செய்ய முடியாது என்று திரை சொன்னது. லோர்னா இரண்டாவதில் குறியிட்டாள். அடுத்த கேள்வி: அவசர நேரத்தில் படிகளில் இறங்க முடியுமா? அவள் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். சீட்டில் ஒரு எண் மங்கலாக இருந்தாலும் டாக்டருக்கு ஃபோன் செய்து கேட்காமல் மாத்திரையைக் கொடுக்க மாட்டாள். 'முடியும், உதவியுடன்' என்று குறியிட்டு அனுப்பு பொத்தானை அழுத்தினாள். பொத்தானை அழுத்திய விரலை எதற்கென்று தெரியாமல் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

கெய்னரிடம் எதையும் சொல்லவில்லை. இந்த அறைதான் கிடைத்தது, சமாளித்துக்கொள்ளலாம் என்று கம்பெனியில் சொன்னார்கள் என்றாள்.

கப்பல் கிளம்பும் முன் எல்லோரும் ஐந்தாம் தளத்து லவுஞ்சுக்குப் போய்த் தலையைக் காட்ட வேண்டும். ஆபத்து வந்தால் கூட வேண்டிய இடம் அது. இவர்கள் லிஃப்டில் இறங்கிப் போனார்கள். கையில் திரையோடு நின்ற ஊழியர் அறை அட்டையை உரசினார், நாற்காலியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார்.

"தூரத்துக்கு மட்டும்தானே, மேடம்?"

"ஆமா" என்றாள் லோர்னா.

பக்கத்தில் ஒரு பெரிய குடும்பம் கூச்சலாகச் சிரித்துக்கொண்டிருந்தது. கெய்னர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தில் அவளுக்கு எதுவும் கேட்டிருக்காது என்று லோர்னா நினைத்துக்கொண்டாள்.

அறைகளைச் சுத்தம் செய்பவள் மாரிசெல். நாற்பது வயதிருக்கும், மணிலாக்காரி. முதல் நாள் மாலையே கதவைத் தட்டி, நாற்காலியை நடைவழியில் விடக் கூடாது என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னாள். புகை சூழ்ந்தால் ஆட்கள் தடுக்கி விழுவார்களாம். மறுநாள் காலை ஸ்டூலுக்கு அடியில் இருந்த துண்டைப் பார்த்தாள். எடுத்து மடிக்கப் போனவள், கொஞ்சம் நின்று, அதை அங்கேயே விட்டுவிட்டாள். லோர்னா நடைவழிக்கு வந்ததும் மெதுவாகக் கேட்டாள்.

"மேடம், உங்க அக்கா நடப்பாங்களா?"

"நல்ல நாள்ல நடப்பா."

"எதிர்க் கதவைப் பாருங்க. நீல அட்டை இருக்கு இல்லையா? அங்க இருக்கறவருக்குப் படி இறங்க வராது. மணி அடிச்சா நாலு பேர் தூக்கற நாற்காலியோட நேரா அங்க போவாங்க. உங்களுக்கும் ஒண்ணு போடச் சொல்லட்டுமா? இப்பவும் நேரம் இருக்கு."

"ஐயோ, வேண்டாங்க. எதுக்கு உங்களுக்கெல்லாம் தொந்தரவு."

"எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல, மேடம்."

"இல்ல, பரவாயில்ல. ரொம்ப நன்றி. நிஜமாவே பரவாயில்ல."

இப்படிச் சொல்லித்தான் லோர்னாவுக்குப் பழக்கம். அவர்கள் தெருவில் எல்லோருக்கும் அதுதான் பழக்கம். அவர்கள் அப்பா நெஞ்சு வலியோடு ஆம்புலன்ஸுக்கு அழைத்தபோதே, அவசரம் ஒன்றும் இல்லை, வேறு யாருக்காவது தேவைப்பட்டால் முதலில் அங்கே போங்கள் என்று சொன்னவர். மாரிசெல் தலையாட்டிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். அன்று முதல் நடைவழியில் போகும்போதெல்லாம் லோர்னா எதிர்க் கதவைப் பார்க்காமலே போகப் பழகினாள்.

முதல் துறைமுகமான ஸ்டவாங்கர் நன்றாகப் போனது. வெயில் இருந்தது. சரிவுப் பாலத்தில் கெய்னரை இறக்கினார்கள். வெள்ளை மர வீடுகளுக்கு நடுவில் கருங்கல் பாவிய தெருவில் நாற்காலி குலுங்கிக் குலுங்கிப் போனது. "என் பல்லெல்லாம் இடம் மாறிடுச்சு" என்று கெய்னர் கத்தினாள். மீன் சூப் குடித்தாள். ஒரு பஸ் ஓட்டுநர் திருப்பத்தை வெட்டிய விதத்தைப் பார்த்து, "கழுத, கண்ணாடிய பாக்க மாட்டான்" என்று திட்டினாள். ஆறு மாதமாக லோர்னா கேட்காத குரல் அது. சாயங்காலம் கப்பலின் பின்தளத்தில் இருவரும் ஒரு போர்வையைப் பகிர்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். லோர்னா மனதுக்குள் நாட்களைக் கழித்தாள். இன்னும் ஐந்து நாள். ஐந்து நாள் ஒன்றும் நடக்காமல் இருந்தால் போதும்.

மறுநாள் காலை எட்டேகாலுக்கு லோர்னா பதினோராம் தளத்து உணவுக்கூடத்தில் ஒரு தட்டில் இரண்டு தொத்திறைச்சி சாண்ட்விச் வைத்துக்கொண்டு, சாஸ் பாட்டிலைத் தலைகீழாகத் தட்டிக்கொண்டிருந்தாள். கெய்னர் கட்டிலில் படுத்திருந்தாள். காலையில் அவளுக்கு எப்போதும் கொஞ்சம் நேரம் பிடிக்கும். 'எனக்குப் பழுப்பு சாஸ், சிவப்ப போட்டுட்டு வராத' என்று சொல்லி அனுப்பியிருந்தாள். நாற்காலி மடங்கி அலமாரிக்குப் பக்கத்தில் இருந்தது. கட்டிலிலிருந்து கை எட்டாத தூரம்.

மணி அடித்தது. ஏழு முறை குறுக்கி, ஒரு முறை நீட்டி. உணவுக்கூடத்தில் எல்லோரும் கரண்டியைப் பிடித்தபடி ஒருவரையொருவர் பார்த்தார்கள். கேப்டனின் குரல் வந்தது. இரண்டாம் தளத்தில் சலவையறையில் புகை. தீயணைப்புக் குழு அங்கே இருக்கிறது. முன்னெச்சரிக்கைக்காகப் பயணிகள் அனைவரும் கூடும் இடங்களுக்குப் போகவும். இது ஒத்திகை அல்ல. லிஃப்டுகள் நிறுத்தப்படுகின்றன.

லோர்னா தட்டைக் கீழே வைத்தாள். எங்கே வைத்தாள் என்று பிறகு அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

படிக்கட்டில் கூட்டம் ஒழுங்காகத்தான் இறங்கிக்கொண்டிருந்தது. அதுதான் பயமாக இருந்தது. யாரும் ஓடவில்லை, யாரும் வழிவிடவும் இல்லை. "நீங்க முதல்ல போங்க." "இல்ல இல்ல, நீங்க போங்க." முன்னால் ஒருவர் குளியல் அங்கியோடு ஒவ்வொரு படியாக இறங்கினார். ஒவ்வொரு தளத்துக்கும் பதினாறு படி. எட்டு, ஒரு திருப்பம், மறுபடி எட்டு. பத்தாம் தளம். ஒன்பது. எங்கோ துணி தீய்ந்த வாடை அடித்தது, இஸ்திரிப்பெட்டியைத் துணிமேல் மறந்து வைத்ததுபோல.

எட்டாம் தளத்தில் நடைவழியின் தீத்தடுப்புக் கதவு மூடியிருந்தது. அதன் முன்னால் மஞ்சள் மேல்சட்டையில் ஒரு ஊழியர் நின்று, கையால் கூட்டத்தைக் கீழே திருப்பிக்கொண்டிருந்தார். சட்டையில் அன்செல்ம், கோவா என்று பெயர் அட்டை. தலை நரைத்தவர்.

"கீழ போங்க, மேடம். ஐந்தாம் தளம்."

"என் அக்கா உள்ள இருக்கா."

"எந்த அறை?"

"8117. அவ சக்கர நாற்காலில இருக்கறவ."

அன்செல்ம் குரலைத் தாழ்த்தினார். "பயப்படாதீங்க. உதவி வேணுங்கறவங்க பட்டியல் டீம் கையில இருக்கு. மணி அடிச்ச உடனே போயிட்டாங்க. உங்க அக்கா பட்டியல்ல இருக்காங்க இல்ல?"

பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள். ஒரு பெண், "நின்னு பேச இதுவா நேரம்" என்று முணுமுணுத்தாள்.

"இருக்கா" என்றாள் லோர்னா.

அந்தச் சொல்லை அவள் யோசித்துச் சொல்லவில்லை. படிவத்தில், லவுஞ்சில், மாரிசெல்லிடம் என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் அது. யாருக்கும் சிரமம் கொடுக்காத பதிலைத் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டது.

"அப்ப கவலையே இல்ல. உங்களுக்கு முன்னாடியே அவங்க கீழ வந்துடுவாங்க. போங்க மேடம், போங்க."

லோர்னா இறங்கினாள். கூட்டம் அவளை இறக்கியது என்றும் சொல்லலாம், ஆனால் கால்கள் அவளுடையவை. எட்டுப் படி. திருப்பம். எட்டுப் படி. ஏழாம் தளத்தின் கம்பளத்தில் கால் வைத்தபோது அவளுக்கு அறை கண்ணில் தெரிந்தது. கட்டில், போர்வை, அலமாரி ஓரத்தில் மடங்கிய நாற்காலி, நீல அட்டை இல்லாத கதவு. அந்தக் கதவை எல்லோரும் தாண்டிப் போவார்கள். தாண்டிப் போகச் சொல்லியிருக்கிறது அவள் போட்ட குறி. நடக்கிறவர்கள் இந்நேரம் நடந்திருப்பார்கள்.

அவள் திரும்பினாள்.

"மேல போகக் கூடாதும்மா!" என்று யாரோ தோளைப் பிடித்தார்கள். உதறினாள். கைப்பிடிக் கம்பியில் முழங்கையை ஊன்றி, சுவரோடு சுவராக ஏறினாள். ஒரு ஆளின் காலை மிதித்தாள், மன்னிப்புக் கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக இருக்கலாம்.

"இல்ல" என்றாள் அன்செல்மிடம். மூச்சு முட்டியது. "பட்டியல்ல இல்ல. அவளால ஒரு படி கூட இறங்க முடியாது. முடியும்னு நான்தான் எழுதினேன். பொய்யா எழுதினேன்."

அன்செல்ம் அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு தோளில் இருந்த வாக்கிடாக்கியை வாயருகே கொண்டுபோனார். "எட்டு, ஒண்ணு, ஒண்ணு, ஏழு. ஒருத்தர், நடக்க முடியாதவர். பட்டியல்ல இல்ல. திருப்பிச் சொல்றேன், பட்டியல்ல இல்ல."

கரகரப்பு. ஒரு குரல் ஏதோ கேட்டது. அவர் மறுபடி எண்ணைச் சொன்னார். லோர்னா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முன்பக்கத்துல ரெண்டு பேரைத் தூக்கிட்டிருக்காங்க. எட்டு நிமிஷம் ஆகும்னு சொல்றாங்க. பத்தும் ஆகலாம்."

"நான் போறேன்."

"நான் இந்த இடத்த விட்டு வர முடியாது, மேடம்."

"உங்கள வரச் சொல்லல."

அவர் கதவில் கை வைத்துப் பார்த்தார். சூடு இல்லை. கீழ் இடுக்கை முகர்ந்தார். பிறகு ஒரு ஆள் நுழையும் அளவுக்குக் கதவைத் தள்ளினார். "நேரா போங்க. அங்கேயே அவங்ககூட இருங்க. தூக்க மட்டும் முயற்சி பண்ணாதீங்க. புகை வந்தா தரையோட படுத்துக்கங்க."

நடைவழி நீளமாக, ஆளில்லாமல் இருந்தது. மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. எதிர் அறையின் கதவு திறந்து கிடந்தது. அவரைக் கொண்டுபோய்விட்டார்கள்.

கெய்னர் தரையில் இருந்தாள். உடம்பின் பாதி அறைக்குள்ளும் பாதி நடைவழியிலுமாக, குப்புற. தானாக மூடிக்கொள்ளும் கனத்த கதவு அவள் இடுப்பின்மேல் சாய்ந்திருந்தது. முழங்கைகள் உரசிச் சிவந்திருந்தன. ஒரு கையில் தன் ஷூ ஒன்றைப் பிடித்திருந்தாள். அதைக்கொண்டு நடைவழிச் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தாள். சீராக, விடாமல்.

"கெய்!"

"எவ்வளவு நேரம்டி!" கெய்னரின் குரல் கம்மியிருந்தது. "ரெண்டு டீம் போச்சு. ரெண்டு! எதிர் அறைக்கு ஒண்ணு, அந்தக் கோடிக்கு ஒண்ணு. அப்ப நான் கட்டில்ல இருந்து விழுந்து பாதி தூரம்கூட வரல. கத்தினேன். இந்த மணியில யாருக்குக் கேக்கும்?"

"வராங்க. சொல்லிட்டேன். பத்து நிமிஷத்துல வராங்க."

"யாரும் வரமாட்டாங்கன்னு எனக்குத் தெரியும். அதான் இறங்கினேன்."

லோர்னா கதவைத் தன் முதுகால் தள்ளிப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அக்காவின் தலையை எடுத்து மடியில் வைக்கப் போனாள். கெய்னர் தலையைத் தூக்கிக்கொண்டாள்.

"தெரியுமா? எப்படி?" என்றாள் லோர்னா.

"லவுஞ்சுல அந்த ஆள் தூரத்துக்கு மட்டும்தானேன்னு கேட்டான். நீ ஆமான்னு சொன்ன. எனக்குக் கால்தான் போச்சு. காது போகல."

மணி சட்டென்று நின்றது. அந்த அமைதி காதை அடைத்தது. தீய்ந்த துணி வாடை கொஞ்சம் கூடியிருந்ததா, அப்படியேதான் இருந்ததா என்று லோர்னாவால் சொல்ல முடியவில்லை. கூரை விளக்கைச் சுற்றிக் காற்று தெளிவாக இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. மறுபடி பார்த்தாள்.

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொன்னா இறக்கிவிட்டிருப்பாங்க" என்றாள் கெய்னர். "எனக்கு அந்தக் கல்லுத் தெருவ பாக்கணும்னு இருந்துச்சு." பிறகு, "எனக்குப் பயமா இருக்குடி" என்றாள். ஷூவை அவள் இன்னும் விடவில்லை.

லோர்னா அக்காவின் முதுகில் கை வைத்தாள். இந்தத் தடவை கெய்னர் விலகவில்லை. இருவரும் நடைவழிக் கோடியில் இருந்த கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லோர்னா எண்ணத் தொடங்கினாள். பத்தைத் தாண்டி, நூறைத் தாண்டி எண்ணினாள். நானூற்று முப்பதில் கதவு திறந்தது.

நான்கு பேர். பட்டைகள் வைத்த ஒரு மெல்லிய நாற்காலி. ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. கெய்னரைப் புரட்டி, தூக்கி, மார்பிலும் இடுப்பிலும் காலிலும் பட்டைகளை இறுக்கினார்கள். மூன்று தளம். நாற்பத்தெட்டுப் படி. நால்வரின் கழுத்திலும் நரம்பு புடைத்தது. நாற்காலி சாயும்போதெல்லாம் கெய்னர் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஆறாம் தளத் திருப்பத்தில் மட்டும் கண்ணைத் திறந்து, "இடது பக்கம் கம்பி இருக்கு, தம்பி, விரல் மாட்டிக்கும்" என்றாள். அந்த ஆள் கையை இழுத்துக்கொண்டார். விரல் மயிரிழையில் தப்பியது.

லவுஞ்சில் எல்லோரும் ஆரஞ்சு மிதவைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் புதினா மிட்டாய்ப் பொட்டலத்தைச் சுற்றுக்கு விட்டார். நாற்பது நிமிடம் கழித்து, தீ அணைந்தது, உலர்த்தும் இயந்திரம் ஒன்றுதான் போனது என்று கேப்டன் அறிவித்தார். கை தட்டினார்கள். யாரோ, இனிமேல் எல்லோருக்கும் ஈரத் துண்டுதான் என்றார், பெரிய சிரிப்பு எழுந்தது. லோர்னாவும் சிரிக்கப் பார்த்தாள்.

பதினொரு மணிக்குப் பாதுகாப்பு அதிகாரி அறைக்கு வந்தார். சிக்ரிட் எய்டே என்று பெயர். உயரமான நோர்வேக்காரி, கண்களுக்குக் கீழே கரி. கையில் லோர்னா அனுப்பிய படிவத்தின் நகல். கதவுக்குள் நாற்காலி வராததைப் பார்த்தார். ஸ்டூலையும் துண்டையும் பார்த்தார். உட்காரவில்லை.

"இத எழுதினது யாரு?"

"நான்தான்" என்றாள் லோர்னா. "அவளுக்குத் தெரியாது."

"தெரியும்" என்றாள் கெய்னர் கட்டிலிலிருந்து. "எழுதும்போது தெரியாது. அப்புறம் தெரியும்."

அதிகாரி குரலை உயர்த்தவில்லை. "உங்கள இறக்கின நாலு பேர் யார்னு தெரியுமா? முன்பக்க ஆளுங்களக் கொண்டுபோய் விட்டதும் அவங்க கீழ போயிருக்கணும். தீகிட்ட நிக்கறவங்கள மாத்திவிட. மாத்த ஆள் வராததால என் ஆளுங்க ரெண்டு பேர் பன்னெண்டு நிமிஷம் கூடுதலா உள்ள நின்னாங்க. ஒருத்தன் இப்ப ஆக்ஸிஜன் வச்சிட்டுப் படுத்திருக்கான். நல்லா ஆயிடுவான். ஆனா நீங்க இதத் தெரிஞ்சுக்கணும்."

'மன்னிச்சிடுங்க' என்ற சொல்லை லோர்னா தினமும் ஐம்பது தடவை சொல்பவள். இப்போது அது வாயில் வரவில்லை.

"அவர் பேர் என்ன?" என்று கெய்னர் கேட்டாள்.

"யாரு?"

"படுத்திருக்கறவர்."

"தெயோ."

"நான் கேட்டதா தெயோகிட்ட சொல்லுங்க. ரொம்ப வருத்தப்படறேன்னு சொல்லுங்க. எங்கள எங்க இறக்கப் போறீங்க?"

"ஓலசுண்ட். ரெண்டு மணிக்குப் போயிடுவோம். விமானத்துக்கு கம்பெனி ஏற்பாடு பண்ணும். நாளைக்குத்தான் கிடைக்கும்."

"நியாயம்" என்றாள் கெய்னர்.

அதிகாரி போன பிறகு லோர்னா பெட்டியை எடுத்து வைத்தாள். சட்டைகளை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். அக்கா அவளைப் பார்த்துக்கொண்டிருப்பது முதுகில் தெரிந்தது. சொல்லாமல் விட்டுவிடலாம். மஞ்சள் சட்டைக்காரர் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் யாரிடமும் சொல்ல மாட்டார்.

"கெய். இன்னொண்ணு இருக்கு."

"சொல்லு."

"படிக்கட்டுல அந்த ஆள் கேட்டார், நீ பட்டியல்ல இருக்கியான்னு. நான் இருக்கான்னு சொன்னேன். சொல்லிட்டுக் கீழ இறங்கிட்டேன்."

கப்பலின் இயந்திரம் தரைக்கு அடியில் அதிர்ந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு சாம்பல் நிறத் தீவு மெதுவாக நகர்ந்து, சட்டத்தைத் தாண்டிப் போய்விட்டது.

"எவ்வளவு தூரம் இறங்கின?"

"ஒரு தளம்."

"அதுல எத்தன படி?"

"பதினாறு."

"எண்ணினியா?"

"ம்."

"அப்புறம் ஏறின."

"ஏறினேன்."

கெய்னர் போர்வையின் ஓரத்தை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "படிவத்துல பொய் எழுதினத நான் மன்னிச்சுட்டேன். ஸ்டவாங்கர்லயே மன்னிச்சாச்சு. இத இப்ப முடியாது. கோபம் இருக்கு. நல்லாவே இருக்கு. அந்தத் தரையில கிடந்தப்ப நீ வந்துட்டிருக்கன்னு நெனச்சுத்தான் சுவத்தத் தட்டினேன்."

"தெரியும்."

"தெரியாது. வாய மூடிட்டு என் சாக்ஸ எடு."

இரண்டரை மணிக்கு ஓலசுண்ட் துறைமுகத்தில் சரிவுப் பாலத்தில் இறக்கினார்கள். கடல் நீர் ஏறியிருந்த நேரம், பாலம் செங்குத்தாக இருந்தது. நாற்காலியைப் பின்பக்கமாகத் திருப்பி இருவர் பிடித்துக்கொண்டார்கள். மாரிசெல் எட்டாம் தள ஜன்னலிலிருந்து கை அசைத்தாள். அல்லது கண்ணாடியைத் துடைத்திருக்கலாம், அவ்வளவு தூரத்தில் சரியாகத் தெரியவில்லை. கரையில் கப்பல் கயிறு கட்டும் ஒரு இரும்புக் கட்டையின் பக்கத்தில், இரண்டு பெட்டிகளோடு, தூறலில் டாக்சிக்குக் காத்திருந்தார்கள்.

லோர்னாவின் கைபேசி அடித்தது. விமானக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் பேசினாள். கலகலப்பான குரல், பின்னால் வேறு பலர் பேசும் இரைச்சல். நாளைய பயணத்துக்குச் சக்கர நாற்காலி கேட்டிருக்கிறீர்கள், இரண்டொரு கேள்விகள், சீக்கிரம் முடித்துவிடலாம் என்றாள்.

"கேளுங்க" என்றாள் லோர்னா.

"அவங்களால விமானத்துக்குள்ள சீட்டுவரைக்கும் நடக்க முடியுமா? ஏறும்போது படி ஏற முடியுமா?"

லோர்னா வாயைத் திறந்தாள். மூடினாள். பிறகு குனிந்து கைபேசியை அக்காவின் முன்னால் நீட்டினாள்.

"உன்னத்தான் கேக்கறாங்க."

கெய்னர் அதை உடனே வாங்கவில்லை. மழைத்துளி விழுந்த திரையைப் பார்த்தாள். தன் கால்களைப் பார்த்தாள். பிறகு வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள்.

"கெய்னர் பேசறேன். நான்தான் அந்தப் பயணி." மறுபக்கம் கேள்வி திரும்ப வந்தது. அவள் தொண்டையைச் செருமினாள். பஸ்ஸில் கடைசி இருக்கைவரை கேட்கும்படி நிறுத்தத்தின் பெயரைச் சொல்லும் குரல் வந்தது. "இல்லங்க. நடக்க முடியாது. சீட்டுவரைக்கும் முடியாது, சீட்டுல இருந்தும் முடியாது."

அடுத்த கேள்வி வந்தது.

"படியா? ஒண்ணுகூட முடியாதுங்க. என் தங்கச்சி பதினாறு இறங்கி பதினாறு ஏறுவா. எனக்கு சைபர்னே எழுதிக்கங்க."